இந்த ஊர்ல பழசு எது?

புதுச்சேரிக்கு விருந்தாளி வந்தால் வண்டி போகும் தடம் எல்லோருக்கும் ஒன்றுதான். கடற்கரைச் சாலையில் காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், துய்மா வீதியில் கப்ஸ் கோயில் என்கிற மாதா கோயில், ரொமேன் ரோலன் வீதியின் மஞ்சள் சுவர்கள், பாரதி பூங்காவுக்குள் ஆயி மண்டபம், மணக்குள விநாயகர், கடைசியாக சுப்பையா சாலையில் இருதய ஆண்டவர் கோயில். அரை நாளில் முடிந்துவிடும். ஒயிட் டவுன் என்கிற வெள்ளையர் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வண்டி போனால் அது சாப்பிடவோ துணி எடுக்கவோதான். இந்தத் தடம் போதாது, அதைவிடவும் அது தப்பான இடத்தில் தொடங்கித் தப்பான இடத்தில் முடிகிறது என்பது இப்போது என் உறுதியான கருத்து. அதற்குக் காரணம் என் பெரியப்பா.

பெரியப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்னாற்காடு பிரிக்கப்படாத ஒரே மாவட்டமாக இருந்த காலம் அவருடைய சர்வீஸ். பழைய தாலுகா ஆபீஸ், பயணியர் விடுதி, ஓட்டுக் கட்டடம் என்று பழுதுபார்த்தே பாதி வயது போயிருக்கிறது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெயர்ப்பலகையைப் படிப்பார். முழங்கால் வலி வந்தபின் அதிக தூரம் நடக்க முடியவில்லை. “வண்டியிலேயே உக்காந்துக்குறேம்மா. பாண்டியில பழைய கட்டடமா பாத்துக் காட்டு” என்றார். கடலூர் முதுநகரிலிருந்து அவரை ஏற்றிக்கொண்டு போய், எல்லோரும் போகிற தடத்தில்தான் காட்டினேன்.

மேரி கட்டடத்துக்கு எதிரே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். 1870களில் கட்டிய நகரசபைக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்துவிட்டது. இப்போது நிற்பது அதே சாயலில் மறுபடி எழுப்பி 2021ல் திறந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூண்களையும் மாடியையும் வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் எடுத்திருக்காங்க. சரி, அப்ப பழசு எது?” கலங்கரை விளக்கம் 1836 என்றேன். கப்ஸ் கோயில் 1855. இருதய ஆண்டவர் கோயில் 1907. ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், “பிரெஞ்சுக்காரன் இங்க வந்தது எப்ப?” என்று கேட்டார். 1674 என்றேன். “அப்ப முதல் நூறு வருஷத்துல கட்டினதெல்லாம் எங்கம்மா போச்சு?”

அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒயிட் டவுனில் இருந்துகொண்டு அதற்குப் பதில் தேட முடியாது என்பது மட்டும் மெதுவாகப் புரிந்தது. பதில் எங்கள் ஊரில் இருக்கிறது, கடலூரில்.

கெடிலத்தின் முகத்துவாரம்

தேவனாம்பட்டினம் போகிற சாலை சில்வர் பீச்சுக்காக எல்லோருக்கும் தெரியும். அங்கே கோட்டை இருந்த இடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடச் சரியாகத் தெரிவதில்லை. 1690ல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கிய இடம் அது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். பேரத்தில் ஒரு நிபந்தனை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் கம்பெனிக்குச் சேரும். சுடுகிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் நிலம் கூடும் என்பதை மதராஸ் கவுன்சிலிலேயே பேசி முடிவு செய்துதான் சுட்டிருக்கிறார்கள். அப்படிப் போன ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி இன்றைக்கும் ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்த ஊர்களில் அன்றைக்கு உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

1746ல் பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடித்ததும் கம்பெனியின் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கு வந்தது. 1752 வரைக்கும் இங்கிருந்துதான் நிர்வாகம் நடந்தது. மதராஸிலிருந்து தப்பி இங்கே வந்து சேர்ந்த இளம் குமாஸ்தா ராபர்ட் கிளைவ், 1756ல் இதே கோட்டைக்கு அதிகாரியாகத் திரும்பினார். இரண்டே வருஷம். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும் படையோடு வந்து கோட்டையைப் பிடித்து, மதில்களைத் தகர்த்துத் தரைமட்டமாக்கினார்.

இதற்கான பதில் மூன்று வருஷத்துக்குள் வடக்கே போனது. 1761 ஜனவரி 16 அன்று, பல மாத முற்றுகைக்குப் பிறகு, பட்டினியால் தளர்ந்த புதுச்சேரி ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையிடம் சரணடைந்தது. மதராஸ் கவர்னர் பிகட் ஊரை இடிக்க உத்தரவிட்டார். கோட்டை, கவர்னர் மாளிகை, வெள்ளைக்காரர் வீடுகள் எல்லாம் போயின. பாரிஸ் உடன்படிக்கையின்படி 1765ல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது அவர்கள் கையில் கிடைத்தது செங்கல் குவியல்தான். பழைய அஸ்திவாரங்களின் மேலே, பழைய வீதிகளின் கோடு மாறாமல், மறுபடி கட்டிக்கொண்டார்கள். இன்று நாம் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஒயிட் டவுன் அந்த இரண்டாவது ஊர். பெரியப்பா கேட்ட நூறு வருஷம் போன இடம் இதுதான். கடலூரில் இடித்ததற்குப் புதுச்சேரியில் இடித்தார்கள். புதுச்சேரி திரும்ப எழுந்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டை எழவே இல்லை.

ஆகவே அடுத்த முறை அவரை ஏற்றியபோது வண்டியை முதலில் தேவனாம்பட்டினத்துக்கு விட்டேன். பார்ப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. மேடு, பள்ளம், முட்செடி, அங்கங்கே செங்கல் கட்டுமானத்தின் எச்சம், அந்தப் பக்கம் கெடிலத்தின் உப்பங்கழி. வண்டி போகிற வரைக்கும் போய் நிறுத்தினேன். பெரியப்பா எட்டிப் பார்த்து, சாந்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டினார். “கிளிஞ்சல் சுண்ணாம்பும்மா. சரியா வேகாத கிளிஞ்சல்தான் அப்படித் தெரியும். இந்த ஆத்து வாயில வாரினதா இருக்கும், வேற எங்க போவான்?” கோட்டை கம்பெனியுடையது, கிளிஞ்சலை வாரியதும் காளவாயில் சுட்டதும் சாந்து அரைத்ததும் இந்தக் கரையின் ஆட்கள். ஆங்கிலக் கோட்டை, பிரெஞ்சு மாளிகை என்று பேர் சொல்லிப் பார்க்கும்போது இது எப்போதும் விடுபட்டுப் போகிறது.

படைகள் போன சாலை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் தினமும் ஆயிரக்கணக்கானோர் போய்வரும் பாதை. பழைய கட்டடம் பார்க்கக் கிளம்பியவர்களும் இந்தப் பாதையை வெறும் பயணமாகத்தான் கழிப்பார்கள். எனக்கோ இதுதான் சுற்றுலாவின் நடுப்பகுதி.

மஞ்சக்குப்பத்து கார்டன் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். கிளைவ் இருந்த வீடு, பிற்பாடு கலெக்டர் பங்களா என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். கிளைவுக்கு முன்பே, 1746 டிசம்பரில், செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்கப் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படை இந்தத் தோட்டத்தில்தான் இறங்கியது. சமைத்துச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ஆற்காட்டு நவாபின் படை வந்துவிட, குழப்பத்தோடு பெண்ணையாற்றைக் கடந்து திரும்பி ஓடியது. 1748 ஆகஸ்டில் படை எதிர்த்திசையில் போயிற்று. ஆங்கிலக் கடற்படைத் தளபதி போஸ்காவன் கடலூரிலிருந்து புறப்பட்டு அரியாங்குப்பத்துச் சிறு கோட்டையை முதலில் தாக்கினார். அங்கே கம்பெனிப் படை அதிகாரி ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டார். வெடிமருந்து தீப்பிடித்து வெடித்த பிறகுதான் பிரெஞ்சுக்காரர் அந்த இடத்தை விட்டுப் போனார்கள். புதுச்சேரி முற்றுகை அக்டோபரில் தோற்று, படை அதே வழியில் கடலூருக்குத் திரும்பியது. 1783ல் மறுபடி ஒரு போர், இம்முறை கேப்பர் மலைப் பக்கம். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சேர்வதற்குள் இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் படை வருகிறதென்றால் நடுவிலுள்ள ஊர்க்காரர்கள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அதற்கெல்லாம் சாலையோரத்தில் ஒரு கல்கூடக் கிடையாது. 1918 நவம்பரில் பாரதியார் பத்து வருஷப் புதுச்சேரி வாழ்க்கையை முடித்துக்கொண்டு பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகி, கடலூரில் சிறை வைக்கப்பட்டார். முள்ளோடைச் சோதனைச் சாவடியைத் தாண்டும்போதெல்லாம், சாராய பாட்டில் தேடி நிறுத்தும் வண்டிகளுக்கு நடுவே, எனக்கு அந்த நினைப்பு வந்துவிடும்.

புதுச்சேரிக்குள் நுழையும்போது முதலில் வரும் வரலாற்றுக் கட்டடம் பிரெஞ்சு மாளிகை கிடையாது, மில். கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி ஜவுளி ஆலை, ஊராருக்கு ரோடியர் மில், 1898ல் தொடங்கியது. இப்போது அடங்கிக் கிடக்கிறது. ஊருக்குள் சவானா மில்லில் 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். மறுவருஷமே எட்டு மணி நேர வேலை சட்டத்தில் வந்தது. அந்தப் போராட்டத்தை நடத்திய வ. சுப்பையாவின் பெயரில்தான் நாம் இருதய ஆண்டவர் கோயிலுக்குப் போகும் சாலை இருக்கிறது. கோயிலைக் காட்டுகிறவர்கள் மில்லையும் காட்டலாம்.

ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு நெரிசல்

அன்றைக்கு நான் நினைத்து வைத்திருந்த முக்கியமான இடம் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கம், வாய்க்காலுக்கு மேற்கே. வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது என்று தெரிந்தேதான் போனேன். ஆனால் அன்று எங்களுக்கு முன்னால் ஒரு குட்டியானை வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஆட்டோக்கள், டூ வீலர்கள். முன்னும் பின்னும் நகர முடியவில்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவில் பெரியப்பா அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எப்ப கட்டினது?” என்றார். 1730களில் என்று சொல்கிறார்கள் என்றேன். அவர் விரலை மடக்கவில்லை. “அப்ப இடிச்சதுக்கு முந்தி.” ஆமாம். 1761ஐத் தாண்டி நிற்கும் வீடு. புதுச்சேரியில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடுகளில் ஒன்று. கட்டியது ஒரு தமிழ் வியாபாரி, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளுமாக இருந்தவர். கீழே செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள், மேலே ஐரோப்பியப் பாணியில் கட்டிய தூண்கள். வெளியிலிருந்து அத்தனையும் தெரியாது, நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டார். “ரெண்டு வேலையும் தெரிஞ்ச கொத்தனாரு இருந்திருக்கான். ஒருத்தன்கிட்ட கத்துக்கிட்டு இன்னொருத்தனுக்குக் கட்டினவன்.”

நான் அந்த வீட்டைப் பிள்ளையின் நாட்குறிப்போடு சேர்த்துத்தான் எப்போதும் நினைத்திருக்கிறேன். 1736ல் எழுதத் தொடங்கினார். விலைவாசி, கப்பல் வரவு, கவர்னரின் கோபதாபம், சகுனம், ஊர் வம்பு என்று எதையும் விடவில்லை. 1748 செப்டம்பரில், போஸ்காவனின் முற்றுகை நடந்துகொண்டிருந்த நாட்களில், சம்பா கோயில் என்கிற மாதா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சு நிர்வாகம் இடித்தபோது, அந்த நிர்வாகத்துக்கே வேலை செய்துகொண்டு, தடுக்க முடியாமல், நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தார். கடலூர்ப் பக்கமிருந்து வந்த படையால் முற்றுகை. முற்றுகையைச் சாக்காக வைத்து உள்ளே கோயில் இடிப்பு. இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று இடித்த கதையில், இடிபட்டதை உட்கார்ந்து எழுதிய ஆள் இவர்தான். 1761 ஜனவரியில், ஊர் விழுந்த அதே மாதத்தில், அவரும் போய்விட்டார். வீடு நிற்கிறது.

பெரியப்பா அந்த நெரிசலில் சொன்ன ஒரு வார்த்தைதான் என் தடத்தை மாற்றியது. “இடிச்சவனும் இதை விட்டுட்டான். நாம விட்டுருவமா?” அவர் கோபமாகச் சொல்லவில்லை, கட்டடத்தின் ஈரக் கசிவையும் ஓரத்தில் முளைத்திருந்த செடியையும் பார்த்துக்கொண்டே கணக்குப் பார்ப்பவர் போலத்தான் சொன்னார். வேர் சுவருக்குள் எவ்வளவு போயிருக்கும், எத்தனை மழை தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அதுவரை நான் புதுச்சேரியின் பழைமையை ஆண்டுகளால் அளந்துகொண்டிருந்தேன். யார் பராமரித்தார்கள், இனி யார் பராமரிப்பார்கள் என்பதைச் சேர்த்தால்தான் கணக்கு வரும் என்று அங்கே பட்டது. மூட்டை இறங்கி முடிந்து, குட்டியானை நகர்ந்தது.

தாழ்வாரமும் திண்ணையும்

வண்டியில் போய்க் கட்டடம் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சு வீடு வீதிக்குக் காட்டுவது உயர்ந்த மதிலையும் வாசல் வளைவையும் மட்டுமே. அதன் வாழ்க்கை முழுவதும் உள்ளே, தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. தமிழ் வீடு அப்படியில்லை. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்க மரக்கால் ஊன்றிய தாழ்வாரம், அதையடுத்து உட்காரத் திண்ணை, பிறகுதான் கதவு, நடை, முற்றம். வீட்டின் முதல் இரண்டு பகுதிகளையும் ஊருக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவதிலிருந்துதான் வீட்டுக்காரர் தனக்கென்று தொடங்குகிறார். ஒரே வரிசையில் பொதுச்சுவர் வைத்துக் கட்டிய வீடுகளில் தாழ்வாரங்கள் தொடர்ந்து வந்தால் வீதி முழுக்க நிழலிலேயே நடக்கலாம். கார் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மஞ்சள் மதில் அழகாகத் தெரிகிறது, தாழ்வாரம் வெறும் இருட்டாகத் தெரிகிறது. சுற்றுலா வாய்க்காலோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் வைசியாள் வீதியில், கல்வே சுப்பராய செட்டி வீதி என்றும் பலகையில் இருக்கும், பெரியப்பாவைக் கையைப் பிடித்து இறக்கினேன். 2000த்துக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றிய நிதியும் மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் உழைப்பும் சேர்ந்து இந்த வீதியின் முகப்புகளை மீட்டார்கள்; 2008ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. போன தாழ்வாரங்கள் திரும்ப வந்தன. நான்கைந்து வீடு தூரம் நிழலிலேயே நடந்தார். வழக்கம்போல் சுவரைத் தட்டினார். சிமென்ட் பூசிய இடத்தில் ஒரு மாதிரியும் சுண்ணாம்புப் பூச்சில் வேறு மாதிரியும் சத்தம் கேட்டது, அதை எனக்கும் தட்டிக் காட்டினார். கடலோரத்துச் செங்கல் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சும்; சுண்ணாம்புப் பூச்சு என்றால் அது வெளியே போய்விடும். சிமென்ட் பூசினால் உள்ளேயே அடைபட்டு, செங்கல் மாவாக உதிரும். “பழைய சுவருக்கு சிமென்டு பூசுறவன் நல்லது செய்யுறதா நெனச்சுக்கிட்டுதான் பூசுறான்” என்றார்.

மேற்கே வீடுகள் இடிபடுவதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை. ஒயிட் டவுன் வீட்டை ஓட்டலாக மாற்றினால் வாடகை வருகிறது, அதனால் நிற்கிறது. தமிழ் வீதி வீடு அண்ணன் தம்பிகளுக்குள் ஐந்து பங்காகப் பிரிகிறது. முற்றத்தைப் பிரிக்க முடியாது, மனையைப் பிரிக்கலாம். மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், காங்கிரீட் போடுவதைவிடச் செலவும் நாளும் அதிகம். வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அரசாங்கம் அவருக்கு மானியமும் வேலை தெரிந்த ஆளும் கொடுக்க வேண்டும். முகப்பு இருக்கும் வீதி வாழும், வருகிறவர்களும் இந்தப் பக்கம் வருவார்கள். வைசியாள் வீதியில் ஒருமுறை செய்து காட்டியாகிவிட்டது, அடுத்த வீதிக்கு ஏன் இத்தனை வருஷம்?

நீங்கள் போவதானால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், மேற்குப் பக்கம் வண்டி நுழையவே முடியாது. வாரநாளில் விடிந்ததும் தேவனாம்பட்டினத்தில் தொடங்குங்கள். பெண்ணையாறு, அரியாங்குப்பம், ரோடியர் மில் வழியாக ஊருக்குள் வந்தால், மார்க்கெட் சூடு பிடிப்பதற்குள் ரங்கப்பிள்ளை வீதியைக் கடந்துவிடலாம். ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியில் பாரதியார் இருந்த வீட்டைப் பார்த்துவிட்டு, வைசியாள் வீதியில் இறங்கி நடந்துவிட்டு, அதன் பிறகு வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போங்கள். மாலையானால் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். கூட வயதானவர்கள் இருந்தால் அதற்கு முன்பே போய்விடுவது நல்லது.